பதினேழு விநாடியும் பன்னிரண்டு நிமிடமும்

ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரைத் தெரியாத சென்னைவாசிகள் குறைவு. ராஜா காலத்து உடையும் முறுக்கிய மீசையுமாக ஆடாமல் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்கக் குழந்தைகள் படாத பாடு படுவார்கள். பழிப்புக் காட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், முகத்துக்கு நேரே கையை ஆட்டுவார்கள். இமை துடித்ததா, உதடு அசைந்ததா, மூச்சு விட்டாரா என்று வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். ஆசிரியர் வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான் நகருவார்கள்.

அதே ஈஞ்சம்பாக்கத்தில்தான் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் இருக்கிறது. சேலையூரிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் சுமார் 20 கிலோமீட்டர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணிகள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966-ல் உருவாக்கிய குடியிருப்பு அது. சென்னையில் பிறந்த நவீன ஓவிய இயக்கத்துக்கென்றே 2009-ல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. உள்ளே ஓவியங்கள், வெளியே கருங்கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். இவையும் அசையாமல்தான் நிற்கின்றன. சிலை மனிதரை அத்தனை நேரம் பார்த்த குழந்தைகள் இவற்றை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்?

குழந்தைகளைக் குறை சொல்லும் முன் பெரியவர்களின் கணக்கைப் பார்த்துவிடுவோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 150 பார்வையாளர்களை அவர்களுக்குத் தெரியாமலே கவனித்து, ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று ஓர் ஆய்வு அளந்தது. முடிவுகள் 2001-ல் வெளியாயின. அளந்த நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 17 விநாடி. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே இந்தக் கதி. சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் சிவப்பு விளக்கை இதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

உலகின் நல்ல நவீனக் கலை அருங்காட்சியகங்களில் கல்விப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஓவியர் பிறந்த ஆண்டு, ஓவியத்தின் பெயர், அதன் பாணி ஆகியவற்றைச் சொல்லிக் கொடுப்பதற்காக அது இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். அந்தப் பிரிவின் உண்மையான கைவண்ணம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 17 விநாடியை நீட்டுவதற்கான உத்திகளை அவர்கள் பல பத்தாண்டுகளாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். அந்த உத்திகள் வேலை செய்வதன் காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவு பரப்பை மட்டும்தான் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுவே ஊசிமுனைக் குழி போன்ற ஓர் இடம் உண்டு, நடுக்குழி என்பார்கள். நுட்பமாகப் பார்க்கும் செல்கள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதைத் தாண்டினால் காட்சி வேகமாக மங்கிவிடும். அப்படியானால் உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிவது எப்படி? கண் விநாடிக்குச் சுமார் மூன்று முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. இந்த விழித்தாவலின்போது காட்சி கலங்கலாகத்தான் விழும். மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தாவிப் பிடித்த துண்டுகளை ஒட்டித்தான் முழுப் படத்தை உள்ளே கட்டுகிறோம்.

ஆக, 17 விநாடியில் ஒரு பார்வையாளருக்குக் கிடைப்பது சுமார் ஐம்பது நக அளவுத் துண்டுகள். ஆளுயர ஓவியத்துக்கு அது போதவே போதாது. மீதி இடமெல்லாம் குத்துமதிப்பு!

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. அந்த ஐம்பது தாவல்களும் எங்கே போய் விழ வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இதைக் கண்டுபிடிக்க ஒரு வினோதக் கருவி செய்தார். சின்னஞ்சிறு உறிஞ்சு மூடி ஒன்றை நேரடியாகக் கண்ணின் மேல் ஒட்ட வைத்தார். மூடியின் மேல் ஒரு சிறு கண்ணாடி. அதில் ஒளி பட்டுத் திரும்பி, கண் போன போக்கையெல்லாம் ஒளிப்படத் தாளில் கோடாக இழுக்கும். இமை மூட முடியாதபடி தூக்கிக் கட்டியிருப்பார்கள். கேட்கவே கண் கரிக்கிறது. அந்த நிலையில் இருந்தவர்களுக்கு இலியா ரேபின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டினார். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் யாரும் எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்குள் வந்து நிற்கிறார்; வீட்டார் திகைத்துப் பார்க்கிறார்கள்.

முதலில் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு அதே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். இவர்களுக்கெல்லாம் என்ன வயது இருக்கும் என்று கேட்டதும் கோடுகள் முகங்களில் குவிந்தன. இந்தக் குடும்பம் வசதியானதா என்று கேட்டபோது கண் நாற்காலி, மேசை, உடைகள் என்று அலைந்தது. வந்தவர் எத்தனை காலம் வெளியில் இருந்திருப்பார் என்றதும் அவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. பார்த்தவர் அதே ஆள், தொங்கியதும் அதே ஓவியம். கேள்வி மாறியதும் கண் போன பாதை முழுவதும் மாறிவிட்டது. 1967-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தக் கோட்டுப் படங்கள் இருக்கின்றன. பார்வை பற்றிப் படிக்கும் எவரும் அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

சிலை மனிதரிடம் குழந்தைகள் கட்டுண்டு நிற்பதன் சூட்சுமம் இதுதான். அவர்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது: அசைவாரா, மாட்டாரா? நாமோ ஓவியத்தின் முன் அவர்களை நிறுத்தி, ‘தொடாதே, சத்தம் போடாதே, வரிசையில் போ’ என்று மூன்று கட்டளைகள் இடுகிறோம். மூன்றில் ஒன்றுகூடக் கேள்வி இல்லை. கண்ணுக்கு வேலை இல்லாவிட்டால் கால் நகரத்தானே செய்யும்.

1980-களில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. கல்விப் பிரிவின் தலைவர் பிலிப் யெனவைன். அவருடைய குழுவினர் நன்றாக விளக்கம் சொன்னார்கள். வந்தவர்களும் மகிழ்ச்சியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் அவர்கள் மனதில் என்ன தங்கியது என்று சோதித்தால் கிட்டத்தட்ட ஒன்றும் தங்கவில்லை. மனிதர்கள் கலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்து வந்த உளவியலாளர் அபிகெயில் ஹவ்ஸனும் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய முறையில் விளக்கவுரையே கிடையாது. கேட்பது மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்னென்ன தெரிகிறது?

இவ்வளவுதானா என்று தோன்றும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் அதன் பொறியியல் புரியும். ‘என்ன நடக்கிறது’ என்பது கதை கேட்கிறது. கலைப் பயிற்சி இல்லாதவர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் கதைதான் கட்டுவார்கள் என்பது ஹவ்ஸனின் கண்டுபிடிப்பு. ஆகவே இந்தக் கேள்விக்கு எந்தக் குழந்தையாலும் பதில் சொல்ல முடியும். இரண்டாவது கேள்வியின் வேலை வேறு. ‘அந்த அம்மா அழுகிறாள்’ என்று ஒரு சிறுமி சொன்னால், எதைப் பார்த்துச் சொன்னாள் என்று காட்ட அவள் கண் திரும்பவும் ஓவியத்துக்குள் போயாக வேண்டும். அவளோடு சேர்ந்து வகுப்பின் முப்பது ஜோடிக் கண்களும் போகும். மூன்றாவது கேள்வி எல்லோரையும் இன்னும் பார்க்காத மூலைகளுக்கு விரட்டுகிறது.

ஆசிரியர் கைகட்டிக்கொண்டு நிற்பதில்லை. குழந்தை சொல்லும்போதே ஓவியத்தில் அந்த இடத்தை விரலால் சுட்டுகிறார். எல்லோருடைய நடுக்குழியும் அங்கே வந்துவிடும். பிறகு அவள் சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறார். ‘சரி’ என்றோ ‘தப்பு’ என்றோ ‘சபாஷ்’ என்றோ சொல்ல மாட்டார். அதுதான் ரொம்பக் கடினம் என்று நினைக்கிறேன். நம் ஊர் ஆசிரியர்களுக்கு ‘வெரி குட்’ சொல்லாமல் ஐந்து நிமிடம் தாண்டாது. ஆனால் ஒரு பதிலைச் சரி என்று சொன்ன கணமே மற்ற இருபத்தொன்பது பேரும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

சோழமண்டலத்தில் இதைச் செய்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 1963 வாக்கில் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். கணித மாணவன் ஒருவனின் நோட்டுப் பக்கம் அதற்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்வார்கள். ஓவியப் பரப்பில் ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், எண்கள், மீன், பறவை, வரி வரியாக எழுத்து. கிட்டே போனால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. எழுத்தின் தோற்றம் மட்டும்தான் இருக்கும், சொல் இருக்காது.

இது மூளையைச் சீண்டும் வேலை. படிக்கத் தெரிந்தவரின் மூளையில், இடப்பக்கத்தின் அடிப்பகுதியில், எழுத்துருவை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு பகுதி தேர்ந்திருக்கும். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆவதற்குள் அது சொல்லைப் பிடித்துவிடும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது படிக்கும். கடைப் பலகையைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க முடிகிறதா? பணிக்கரின் வரிகளைக் கண்டதும் அந்த எந்திரம் தானாகக் கிளம்பும், பொருள் கிடைக்காமல் திணறும், மறுபடி முயலும். ‘என்ன எழுதியிருக்கு?’ என்று எட்டாம் வகுப்பு மாணவன் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, எழுத்துக் கூட்டத் தெரியாத தங்கை அதே ஓவியத்தில் நேராக மீனைப் பார்ப்பாள், நிறத்தைப் பார்ப்பாள். இருவரும் ஒன்றாக நின்று பேசினால் அண்ணனுக்குத்தான் லாபம்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, பலன் உண்டா என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்துக்குப் போக வேண்டும். பெரிய அருங்காட்சியகம் எதுவும் இல்லாத பகுதியில், பென்டன்வில் என்ற சிறு நகரில், 2011-ல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பேருந்து, மதிய உணவு எல்லாம் இலவசம் என்றதும் பள்ளிகள் மொய்த்துவிட்டன. எல்லோரையும் உடனே அழைக்க முடியாது. அங்கேதான் ஆய்வாளர்களுக்கு யோகம் அடித்தது. சீட்டுக் குலுக்கிச் சில பள்ளிகளை முதலிலும் மற்றவற்றைப் பிறகும் அழைத்தார்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் அதே முறை: போனவர்கள் ஒரு பக்கம், இன்னும் போகாதவர்கள் மறுபக்கம், யார் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்தது குலுக்கல் மட்டுமே. 123 பள்ளிகள், கிட்டத்தட்ட 11,000 மாணவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரச் சுற்று. பார்த்தவை பெரும்பாலும் ஐந்தே ஓவியங்கள். ஓவியத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று ஆகிறது. மெட்ரோபாலிட்டனின் 17 விநாடியைப் போல நாற்பது மடங்கு! வழிகாட்டி பேசியது குறைவு. பிள்ளைகள் பேசியது அதிகம்.

சில வாரம் கழித்து, இரு தரப்புக்கும் முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று எழுதச் சொன்னார்கள். திருத்தியவர்களுக்கு எது யார் எழுதியது என்று தெரியாது. போய்வந்த பிள்ளைகள் கூர்மையாக எழுதியிருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் முன்னேற்றம் சிறியதுதான், அதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் அது சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஒரே ஒரு மணி நேரத்துக்கு!

தகவலே சொல்லாவிட்டால் தகவல் எப்படித் தங்கும் என்ற சந்தேகத்துக்கும் அங்கே பதில் கிடைத்தது. ஈஸ்ட்மன் ஜான்சன் வரைந்த ஓர் ஓவியத்தில் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக, அடிமை முறையை எதிர்த்தவர்கள் செய்த வேலை அது. அந்த ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதத்தினர் சில வாரம் கழித்தும் இதை நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு கிடையாது, நோட்ஸ் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கொக்கி விழுந்த இடத்தில் தகவல் தானாக மாட்டிக்கொண்டது. இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் குடும்பத்தோடு வர ஓர் இலவசச் சீட்டுக் கொடுத்தார்கள். சுற்றுக்குப் போய்வந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 18 சதவீதம் அதிகமாக அதைப் பயன்படுத்தினார்கள். பெற்றோரை அருங்காட்சியகத்துக்கு இழுத்து வர இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

கேள்வியைப் போலவே கட்டடத்தையும் கருவியாக்கலாம் என்று காட்டியவர் விக்டர் டமீகோ. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1937-ல் கல்வித் திட்டத்தைத் தொடங்கியவர். 1942-ல் ‘குழந்தைகளின் கலைத் திருவிழா’ ஒன்றை அமைத்தார். அதன் வாசலே ஒரு மந்திரம். சிறு குழந்தையின் உருவத்தையும் கொஞ்சம் பெரிய குழந்தையின் உருவத்தையும் வளைத்து வரைந்த கோட்டு வடிவில் வாயில். அதற்குள் நுழையும் அளவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம். அப்பா அம்மா வெளியே! உள்ளே முதல் அறையில் அரை இருட்டு. நகரும், சுழலும், நிறம் மாறும் விளையாட்டுப் பொருள்கள். கண்ணும் கையும் விழித்துக்கொண்ட பிறகுதான் இரண்டாவது அறை. அங்கே நல்ல வெளிச்சம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓவியத் தாங்கிகள், வண்ணம், துணித் துண்டு, பசை. ‘மாடு வரை’ என்று சொல்ல ஆள் கிடையாது. இந்தத் திருவிழா ஐரோப்பாவுக்குப் போய்விட்டு 1963-ல் இந்தியாவுக்கும் வந்து பல நகரங்களைச் சுற்றியது.

பார்த்த கையோடு செய்து பார்க்க வைக்கும் இதே வழியை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலத்துக்கும் தெற்கே, முட்டுக்காட்டில், தட்சிணசித்ராவில் காணலாம். 1996 முதல் இயங்கும் அது நாட்டார் கலைக்கும் பழைய வீடுகளுக்குமான அருங்காட்சியகம். நவீனக் கலைக்கானது இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளைக் குயவரின் சக்கரத்துக்கும் ஓலைப் பின்னலுக்கும் பக்கத்தில் உட்கார வைப்பதில் நவீன அருங்காட்சியகங்கள் அதனிடம் பாடம் கேட்கலாம்.

கை என்றதும் ‘தொடாதீர்கள்’ பலகை ஞாபகம் வருகிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. வியர்வையின் உப்பும் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும், ஓவியத்தைக் கெடுக்கும். ஆனால் கண் தெரியாத பார்வையாளர் என்ன செய்வார்? சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் கண்ணைக் கட்டிவிட்டு நூறு அன்றாடப் பொருள்களைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். கண் கட்டப்பட்டவர்கள் பெரும்பாலானவற்றை ஐந்து விநாடிக்குள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்து விரல்களின் அசைவுகளைப் படம்பிடித்தார்கள். கை கண்டபடி துழாவுவதில்லை. சொரசொரப்பை அறியப் பக்கவாட்டில் தேய்க்கிறது; கடினத்தை அறிய அழுத்துகிறது; எடையை அறியத் தூக்கிப் பார்க்கிறது; வடிவத்தை அறிய விளிம்போடு நடக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அசைவு. யார்பஸின் சோதனையில் கண் செய்ததைத்தான் இங்கே விரல் செய்கிறது.

டில்லி தேசிய அருங்காட்சியகம் 2015-ல் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ‘அனுபவ்’ என்ற கூடத்தைத் திறந்தது. அங்கே இருப்பவை மூலங்களைப் பார்த்துச் செய்த பிரதிகள். 2023-ல் திறக்கப்பட்ட பெங்களூரு ‘மேப்’ அருங்காட்சியகத்திலும் தொட்டு உணரும்படி மேடுபள்ளமாக மாற்றப்பட்ட கலைப் பிரதிகள் இருக்கின்றன. ஓவியத்தை அப்படி மாற்றுவது லேசான காரியம் இல்லை. விரல் நுனிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் எல்லை. அதைவிட நெருங்கிய இரு கோடுகள் அதற்கு ஒன்றாகிவிடும். எதை விடுவது, எதை வைப்பது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் பஞ்சாயத்து நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த திட்டம் முதியவர்களுக்கானது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2006-ல் மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குமாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாளாக இருந்த, கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையில் வரச் சொன்னார்கள். சிறு குழுக்கள், ஒன்றரை மணி நேரம், நான்கைந்து படைப்புகள். மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் முதலில் பறிப்பது அண்மை நினைவுகளை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் நோயாளி தவிப்பார். படத்தில் என்ன தெரிகிறது என்ற கேள்விக்கு நினைவு தேவையில்லை, பதில் கண்ணெதிரே இருக்கிறது. தவறாகச் சொல்லவும் வழியில்லை. அதைப் பேசப் போய் இளமைக் காலத்து நினைவு ஏதாவது சேர்ந்து வந்தால் அது கொசுறு. பங்கேற்றவர்கள் மனநிலை தெளிந்து திரும்பியதை நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு பதிவு செய்தது. நோயாளிகளோடு வந்த குடும்பத்தாரின் மனநிலையும் அப்படியே.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளில் மாலை முழுவதும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகளில் சிலர் அந்தக் கணக்கில் இருப்பார்கள். அவர்களைச் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போகக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. கூட்டம் குறைந்த வாரநாள், ஒரு வேன், ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, மூன்று கேள்விகள். ஐந்து படைப்புகளுக்கு மேல் வேண்டாம்.